கையில் வெடித்த நட்சத்திரம்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலை, டெல்லி கரோல் பாக் வீட்டின் குளியலறை வாசலில் நின்று மஹாலட்சுமி வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

தங்க வளையல்கள் சோப்பு நுரையில் வழுக்கிக்கொண்டு வந்தன. கண்ணாடி வளையல்கள் வர மறுத்தன. விரல்களைக் குவித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவினாள். பிறகு மோதிரத்தையும் கழற்றினாள்.

பேப்பரும் கையுமாக வந்த கணவர் அருள்மணி பார்த்துவிட்டார்.

"ஏளா, என்ன செய்யுத?"

"பரீட்சைக்கு இதெல்லாம் போடக் கூடாதுங்க. கை அசையும்போது மின்னுச்சுன்னா, பாக்குதவங்க கண்ணு வளையலுக்குப் போயிரும்."

"அதுக்குன்னு? கறுப்புச் சுடிதாரு, மொட்டைக் கை. சனிக்கிழமை அதுவுமா! எங்கம்மா பாத்தா என்ன சொல்லுவா?"

"அத்தை பாளையங்கோட்டையில இருக்காங்க. இங்கிருந்து தெரியாது."

அவர் பேப்பரை உதறி விரித்து மூஞ்சியை மறைத்துக்கொண்டார்.

மூன்று வாரமாகவே இந்த வீட்டில் பேச்சு இப்படி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது.

மகள் தமிழ்செல்விக்குக் காது கேட்காது என்று தெரிந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. 'சைகை பழக்கினால் பிள்ளைக்குப் பேச்சே வராது' என்று அப்போது ஒரு டாக்டர் சொன்னதை அருள்மணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காது மிஷின், ஸ்பீச் தெரபி, கண்ணாடி முன் உட்காரவைத்து 'ப... ப...' என்று பயிற்சி. வீட்டில் யாரும் கையை ஆட்டக் கூடாது என்பது சட்டம். இன்று அவளுக்குப் பதினேழு வயது. 'அப்பா', 'அம்மா', 'தண்ணி', 'வா', 'போதும்' என்று விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வாயால் வந்தது.

மகளுடைய பள்ளியில், தானும் காது கேளாதவரான மஞ்சு டீச்சரிடம் மஹாலட்சுமி சைகை மொழி கற்றுக்கொண்டதோ, பிறகு கணவர் மினிஸ்ட்ரிக்குப் போனதும் தினமும் டிப்ளமா வகுப்புக்குப் போனதோ அவருக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் அவள் அடுப்படியில் இருந்தபோது அவளுடைய மொபைலை எடுத்துவிட்டார். 'மேடம் எழுத்துத் தேர்வில் பாஸ். இன்டர்பிரட்டர் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு இன்னும் மூன்று வாரத்தில், சனிக்கிழமை' என்றது எதிர்முனை. செக்‌ஷன் ஆபீசர் அருள்மணிக்குத் தன் வீட்டிலேயே தான் ஒரு வெளியாளாகிவிட்டது போலிருந்தது.

"நான் வரமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்று நேற்றே சொல்லிவிட்டார்.

ஆனால் மழை வேறு மாதிரி முடிவு செய்திருந்தது. விடியற்காலையிலிருந்து கொட்டிய ஜூலை மழையில் தெரு முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. மெட்ரோ வரை நடந்தால் முழங்கால் நனையும். மஹாலட்சுமி ஜன்னலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவரிடம் கேட்கவில்லை.

அந்தக் கேட்காமை அருள்மணியை என்னவோ செய்தது. கார்ச் சாவியை எடுத்தார்.

"ஜல்தி கிளம்புங்க. வாசல்ல இறக்கி விட்டுட்டு வந்துருவேன்."

இறக்கியும் விட்டார். திரும்பும் வழியில் போலீஸ்காரர் தடுப்பை இழுத்துப் போட்டார். "ஆகே ரஸ்தா பந்த் ஹை, அங்கிள்." முன்னால் பாதை அடைப்பாம். சுரங்கப் பாதையில் ஒரு பஸ்ஸே பாதி முழுகி நின்றது.

வேறு வழியில்லாமல் காரைத் திருப்பி வந்து, சொட்டுகிற குடையோடு அருள்மணி தேர்வு நடக்கும் நிறுவனத்துக்குள் நுழைந்தார்.

* * *

முதலில் அவரை நிறுத்தியது அந்த வராந்தாதான்.

அவ்வளவு கூட்டம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நிற்பது போல ஆட்கள். தேர்வைப் பார்க்க நகரத்தின் பல மூலைகளிலிருந்தும் காது கேளாதவர்கள் வந்திருந்தார்கள். தேர்வுக்கு நிற்பவர்களின் சைகை அவர்களுக்குப் புரிகிறதா என்பதுதானே பரீட்சை! ஒருவரோடொருவர் வழக்காடினார்கள், கேலி செய்தார்கள், தூணுக்கு அந்தப் பக்கம் நின்றவரோடு கூட்டத்தைத் தாண்டிக் கதை பேசினார்கள். எல்லாம் கையால். அவருக்குக் கேட்டது கூரையில் விழுந்த மழை மட்டும்தான்.

மினிஸ்ட்ரியில் மூன்று மொழிகளில் நோட்டு எழுதுகிறவர் அவர். இங்கே ஒரு சொல் தெரியாமல் நின்றார்.

தமிழ்செல்வி அவரைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. ஓடி வந்து கையைப் பிடித்து, மஞ்சு டீச்சரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரை கலந்த பின்னல், காட்டன் புடவை. டீச்சர் அவரைச் சுட்டி ஏதோ கேட்டார்.

தமிழ்செல்வி தன் மோவாயைத் தானே இரண்டு விரலால் பிடித்து, வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பிக் காட்டினாள்.

டீச்சர் தலையாட்டினார். பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டு, அருள்மணியைச் சுட்டி, அதே போலத் தன் மோவாயைப் பிடித்துத் திருப்பினார். அவர்களும் சிரித்த முகத்தோடு மோவாயைப் பிடித்துத் திருப்பி, அவருக்கு வணக்கம் வைத்தார்கள்.

"என்ன?" என்றார் அருள்மணி, உதட்டை அகல விரித்து.

தமிழ்செல்வி மொபைலில் ஹிந்தியில் தட்டிக் காட்டினாள். 'பெயர். எங்கள் மொழியில் எல்லாருக்கும் ஒரு பெயர் உண்டு. இது உங்களுடையது. சின்ன வயசில் நான் வைத்தது.'

அவர் முகத்தைப் பார்த்தவள் அவசரமாக இன்னொரு வரி சேர்த்தாள். 'தப்பான அர்த்தம் இல்லை அப்பா. அடையாளம்தான்.'

அருள்மணிக்குப் புரிந்துவிட்டது. குழந்தை ஜன்னலைப் பார்க்கும், விசிறியைப் பார்க்கும், பூனையைப் பார்க்கும். 'என் வாயைப் பாரு, என் வாயைப் பாரு' என்று அவர் அதன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவார். எத்தனை தடவை திருப்பியிருப்பார்? மகளுக்கு அப்பா என்றால் ஞாபகம் வருவது அந்த இரண்டு விரல்.

கோபம் வரவில்லை. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

* * *

சிறிய அரங்கம். மேடையில் பேச்சாளர் ஒருவர் ஹிந்தியில் பேசுவார். தேர்வருக்குத் தலைப்புகூட முன்னால் தெரியாது. கேட்கக் கேட்கவே சைகையில் சொல்ல வேண்டும். பிறகு பார்வையாளர்கள் சைகையில் கேள்வி கேட்பார்கள். அதைக் குரலாக்க வேண்டும்.

தேர்வுக் குழுவின் தலைவியும் காது கேளாதவர்தான். கிராப்பு வெட்டிய வெள்ளை முடி. அவர் கையால் பேச, கீழே இருந்த உதவியாளர் அதை மைக்கில் சொன்னார். "ஒன்றையும் சேர்க்கக் கூடாது. ஒன்றையும் விடக் கூடாது. பேசுபவர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். மேடையில் இருக்கும்வரை நீங்கள் என்று ஒருவர் கிடையாது."

முதலில் ஏறிய இளைஞன் நன்றாகத்தான் தொடங்கினான். தடுப்பூசி பற்றிய பேச்சு. நடுவில் ஒரு சொல்லுக்குக் கை நின்றது. நின்ற கை மறுபடி எழவே இல்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அருள்மணி நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

அடுத்து மஹாலட்சுமி.

கறுப்பு உடையில், வெறும் கைகளோடு, மேடை விளக்கின் கீழ் வந்து நின்றாள். இருபது வருடம் பக்கத்தில் படுத்து எழுந்த பெண்தான். ஆனாலும் அவள் தோள் அவ்வளவு நேராக நிமிர்ந்து அவர் பார்த்ததில்லை.

பேச்சாளர் ஒரு வானியல் பேராசிரியை. படபடவென்று பேசுகிறவர். "இன்று ஒரு நட்சத்திரத்தின் பிறப்பையும் இறப்பையும் பார்ப்போம்" என்று தொடங்கினார்.

மஹாலட்சுமியின் கைகள் எழுந்தன.

முதலில் விரல்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் காற்றில் அலைந்தன. வாயு, தூசி, குளிர். மெல்ல மெல்ல அந்த விரல்கள் ஒன்றையொன்று தேட ஆரம்பித்தன. நெருங்கின. தோள் இறுகியது, கண் சுருங்கியது, உள்ளங்கைகள் ஒன்றையொன்று அழுத்தின. இனி அழுத்த இடமில்லை என்கிற கட்டத்தில், குவிந்த கைக்குள்ளிருந்து சட்டென்று விரல்கள் விரிந்தன. அவள் முகமே வெளிச்சமானது.

அரங்கத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

அருள்மணி பேராசிரியையின் பேச்சைக் கேட்பதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. காதில் ஹிந்தி விழுந்துகொண்டிருந்தது. ஆனால் நட்சத்திரம் இருந்த இடம் அவள் கை. கோடிக்கணக்கான வருடம் அது எரிந்ததை அவள் தோளின் மெதுவான ஏற்ற இறக்கத்தில் பார்த்தார். எரிபொருள் தீர்ந்ததை அவள் கன்னத்தில் பார்த்தார். நட்சத்திரம் ஊதிப் பெருத்தபோது அவள் கைகள் மேடையின் அகலத்துக்கு விரிந்தன. பிறகு ஒரே நொடியில் உடம்போடு சேர்ந்து உள்ளே இடிந்து விழுந்தன.

ஒரு கணம் எல்லாம் அசைவற்று நின்றது.

வெடித்தது. அவள் இரண்டு கைகளும், கண்களும், தோளும் வெடித்தன. முன்வரிசையில் ஒருவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அந்தச் சாம்பலில் இருந்துதான் நம் எலும்பின் சுண்ணாம்பு, நம் ரத்தத்தின் இரும்பு" என்றார் பேராசிரியை. மஹாலட்சுமியின் விரல்கள் தூசியாக மிதந்து மிதந்து இறங்கி, அவளுடைய வெறும் முன்கையில் வந்து அமர்ந்தன. அங்கிருந்து எழும்பி, அரங்கில் இருந்த ஒவ்வொருவர் பக்கமும் நீண்டன. உனக்குள், உனக்குள், உனக்குள்.

அவர் பக்கமும் அந்தக் கை வந்தது. அது தன் மனைவியின் கை என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. காலையில் தோசைக் கல்லைத் துடைத்த கை அது. அதற்குள் இது எப்போது வந்து குடியேறியது? அல்லது எப்போதும் இருந்ததா, வீட்டில் எடுக்கத்தான் இடமில்லையா?

* * *

கேள்வி நேரம். தலைவி அரங்கத்தைப் பார்த்தார். முதலில் எழுந்த கையைச் சுட்டினார்.

அந்தக் கை தமிழ்செல்வியுடையது.

மேடையில் மஹாலட்சுமி வெளிறிப் போனாள். பார்க்க மட்டும்தான் வர வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது என்று மகளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த நட்சத்திரம் பிள்ளையை எழுப்பிவிட்டிருந்தது.

தன் மகள் என்று மஹாலட்சுமி சொல்லாமல் இருந்திருக்கலாம். குழுவில் யாருக்கும் தெரியாது. பழகிய கை, பழகிய நடை; கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் வாங்கலாம்.

அவள் தலைவியின் பக்கம் திரும்பினாள். கையாலும் சொன்னாள், குரலாலும் சொன்னாள். "மன்னிக்கணும். இவள் என் மகள். இவள் பேச்சு எனக்கு நன்றாகப் பழக்கம். இதற்கு எனக்கு மார்க் போடுவது நியாயமில்லை."

குழுவில் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கை இழுத்தார். "இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், மேடம். தேர்வையே ரத்து செய்ய எங்களுக்கு அதிகாரம் உண்டு."

மூன்று வாரமாக அருள்மணி விரும்பியது இதைத்தான். இன்று அது எதிரில் வந்து நின்றபோது, எழுந்து நின்று 'வேண்டாம்' என்று கத்த வேண்டும் போலிருந்தது.

தலைவியின் கை பேச, உதவியாளரின் குரல் சொன்னது. "இதற்கு மார்க் இல்லை. மார்க்குக்கு வேறொருவர் கேட்பார். ஆனால் அந்தப் பெண் கை தூக்கிவிட்டாள். அவளுக்குக் கேட்க உரிமை உண்டு. குரல் கொடுங்கள்."

தமிழ்செல்வியின் கைகள் அசைந்தன. அரங்கத்தின் ஒலிபெருக்கியில் மஹாலட்சுமியின் குரல் ஹிந்தியில் ஒலித்தது.

"என் பெயர் தமிழ்செல்வி. நான் பன்னிரண்டாவது முடித்திருக்கிறேன்."

அருள்மணி நிமிர்ந்தார். நான். அந்தக் குரலில், அந்தச் சொல்லில், அவர் மகள் பேசினாள்.

"தூரத்து நட்சத்திரத்தின் ஒளி இங்கே வர ஆயிரக்கணக்கான வருடம் ஆகும் என்றீர்கள். அப்படியானால் நான் பார்க்கும்போது அது செத்தும் போயிருக்கலாம். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்றை, இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல்லூரியில் என் மாணவர்கள் இதைக் கேட்க இரண்டாம் வருடம் ஆகும்" என்றார். வெறும் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களின் ஆயுளோடு பார்த்தால் அந்த ஆயிரம் வருடம் ஒரு நொடி மாதிரி, அதனால் அநேகமாக எல்லாம் உயிரோடுதான் இருக்கும் என்று விளக்கினார்.

"அநேகமாகத்தானா?" என்றது குரல். "நான் 'அநேகமாக' என்று எழுதினால் அறிவியல் டீச்சர் அரை மார்க்தான் போடுவார்."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பேராசிரியையும் சிரித்தார். அருள்மணி சிரிக்கவில்லை. அவருக்குக் கண் நிறைந்திருந்தது. தன் மகள் வேடிக்கையாகப் பேசுவாள் என்பதே அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

அடுத்து எழுந்தவர் பாலு. ஜங்புரா பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை. மிஷினில் சிக்கி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டன. அவர் சைகை எல்லோருக்கும் எளிதில் பிடிபடாது. மஹாலட்சுமி ஒரு முறை மன்னிப்புக் கேட்டு, திரும்பச் சொல்லச் சொன்னாள். கூர்ந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எனக்குப் பெரிய படிப்பு இல்லை. இத்தனை நட்சத்திரம் எரியும்போது ராத்திரி ஏன் இருட்டாக இருக்கிறது?"

ஆமாம் ஆமாம் என்று பாலு வேகமாகத் தலையாட்டினார். தலைவி குனிந்து ஏதோ எழுதினார்.

* * *

எல்லோரும் முடித்த பிறகு முடிவு சொன்னார்கள். தலைவி மேடையேறி, தேறியவர்களைச் சைகையில் அழைத்தார். உதவியாளர் பெயர்களைப் படித்தார். மூன்றாவதாக மஹாலட்சுமி.

கைதட்டல் இல்லை. அரங்கத்தில் அத்தனை கைகளும் மேலே எழுந்து, விரல் விரித்து, காற்றில் படபடத்தன. ஒரு தோப்பில் காற்று நுழைந்தது மாதிரி. அருள்மணி குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

மழை தூறலாகியிருந்தது. வராந்தா பெஞ்சில் டீயும் பிரெட் பக்கோடாவுமாக மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அருள்மணி டீயைக் குடிக்கவில்லை.

"ஏளா, நான் செல்விகிட்டப் பேசணும். நீ எடுத்துச் சொல்லுதியா?"

மஹாலட்சுமி எழுந்து, மகளுக்கு எதிரில், அவர் தோளுக்குச் சற்றுப் பின்னால் போய் நின்றாள்.

"என்னைப் பாக்காதீங்க. அவளைப் பாத்துப் பேசுங்க. நான் இங்கன இல்லைன்னு வச்சுக்கோங்க."

அருள்மணி மகளைப் பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது?

"செல்வி... நீ எப்பம் இருந்து இந்த நட்சத்திரத்தைப் பத்தியெல்லாம் யோசிக்க?"

தமிழ்செல்வி அம்மாவின் கையைப் பார்த்தாள். நம்பாதவளாக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவள் கைகள் தயங்கி எழுந்தன. பின்னாலிருந்து குரல் வந்தது. இந்த முறை ஹிந்தி இல்லை. தமிழ்.

"எனக்கு ஏழு வயசு இருக்கும்ப்பா. கரண்டு போயிருந்துச்சு. மொட்டைமாடிக்குத் தூக்கிட்டுப் போனீங்க. மேல கையைக் காட்டி என்னமோ சொன்னீங்க. இருட்டுல உங்க வாய் எனக்குத் தெரியலை. கை மட்டும் தெரிஞ்சுது. நீங்க காட்டுன பக்கம் பாத்தேன். அன்னையில இருந்துதான்."

அருள்மணிக்கு அந்த நாள் நினைவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. தான் மறந்துபோன ஒரு மாலையில் இவளுக்கு ஒரு வானமே திறந்திருக்கிறது. அவர் மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அவள் மெல்ல அதை விடுவித்துக்கொண்டாள். பேசுவதற்கு அது வேண்டும் அல்லவா?

"இன்னொன்னும் சொல்லணும்ப்பா" என்றது குரல். "இன்னைக்கு நீங்க கேக்குதீங்க. அதனால சொல்லிருதேன். புனேல ஒரு காலேஜ்ல எனக்குச் சீட்டு கெடச்சிருக்கு. பி.எஸ்ஸி. பாடமெல்லாம் சைகையிலயே நடத்துவாங்க. நானும் மஞ்சு டீச்சரும்தான் எழுதிப் போட்டோம். ஹாஸ்டல்ல..."

குரல் நின்றது.

அருள்மணி திரும்பிப் பார்க்கப் போனார். அதற்குள் குரல் மறுபடி எழுந்தது. நடுங்கியது, ஆனால் ஒரு சொல்லையும் விடவில்லை.

"ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கணும். அடுத்த வாரம் போய்ச் சேரணும். நான் போகணும்ப்பா. அம்மாகிட்டகூட நான் இதை இன்னும் சொல்லலை" என்றாள் மஹாலட்சுமி.